பம்பாயில் வளர்ந்த யூதப் பையன்

கவிஞர் நிசிம் எசேக்கியேலின் வாழ்க்கைக் கதை

திருப்பூரில் இருந்து பல்லடம் போகும் ரோட்டில் இருக்கிறது, அருள்புரம்.

பனியன் கம்பெனிகள் நிறைந்த இடம். காலையில் வேலைக்குப் போகும் நேரத்தில் பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்று பாருங்கள். ஒரு பக்கம் தமிழ் காதில் விழும். இன்னொரு பக்கம் இந்தி. நாலு அடி தள்ளி ஒரியா. தென்மாவட்டங்களில் இருந்து வந்தவர்களும் உண்டு. பீகார், ஒடிசாவில் இருந்து வந்தவர்களும் உண்டு.

பிழைக்க வந்தவர்கள் பிள்ளைகளையும் அழைத்து வருகிறார்கள். அந்தப் பிள்ளைகள் இங்குள்ள பள்ளிக்கூடங்களில் சேருகிறார்கள்.

வகுப்பில் 40 பிள்ளைகள் இருப்பார்கள். அதில் ஒரு பிள்ளையின் பெயர் மட்டும் மற்றவர்களின் வாயில் நுழையாது. அது சாமி கும்பிடும் முறை வேறாக இருக்கும். அதன் சாப்பாட்டு டப்பாவில் இருக்கும் பண்டமும் வேறாக இருக்கும். மற்றப் பிள்ளைகள் அதைப் பார்ப்பார்கள். ஒருவன் சிரிப்பான். அவனைப் பார்த்து இன்னொருவனும் சிரிப்பான்.

அந்தப் பிள்ளைக்கு அழுகை வரும். வீட்டுக்கு வந்து சொல்லவும் வெட்கமாக இருக்கும்.

சுமார் 90 ஆண்டுகளுக்கு முன்பு பம்பாய் நகரத்தில் இப்படி ஒரு பிள்ளை இருந்தான். பெயர் நிசிம் எசேக்கியேல். அவன் ஒரு யூதப் பையன்.

அவன் வளர்ந்த காலம் பொல்லாத காலம். ஐரோப்பாவில் யூதராகப் பிறந்ததற்காகவே மனிதர்களைக் கொன்று குவித்த காலம். அந்தக் காலத்தில் அவன் எப்படி வளர்ந்தான்? பின்னால் என்ன ஆனான்? அதுதான் இந்தக் கதை.

எண்ணெய் ஆட்டிய யூதர்கள்

யூதர்கள் நமக்குப் புதியவர்கள் அல்லர். பக்கத்தில் உள்ள கொச்சிக்குப் போனவர்கள் மட்டாஞ்சேரியில் உள்ள யூதக் கோயிலைப் பார்த்திருப்பார்கள். அது 1568-ம் ஆண்டு கட்டப்பட்டது.

பம்பாய்ப் பக்கத்து யூதர்கள் வேறு ஒரு பிரிவினர். அவர்களுக்கு "பெனே இஸ்ரவேல்" என்று பெயர். "இஸ்ரவேலின் பிள்ளைகள்" என்று அதற்குப் பொருள்.

அவர்கள் இந்தியாவுக்கு வந்ததைப் பற்றி அவர்களிடையே ஒரு கதை வழங்கி வருகிறது.

பல நூற்றாண்டுகளுக்கு முன்பு ஒரு கப்பல் கொங்கணக் கடற்கரைக்கு அருகே பாறையில் மோதி உடைந்தது. அதில் வந்தவர்களில் 7 ஆண்களும் 7 பெண்களும் மட்டும் உயிர் தப்பிக் கரை ஏறினார்கள். அவர்கள் கொண்டு வந்த வேத நூல்கள் எல்லாம் கடலோடு போய்விட்டன. கரை ஏறியவர்களின் வாரிசுகளே தாங்கள் என்று பெனே இஸ்ரவேல் மக்கள் நம்புகிறார்கள்.

கொங்கணத்துக் கிராமங்களில் அவர்கள் செக்கு வைத்து எண்ணெய் ஆட்டிப் பிழைத்தார்கள். மராத்தி பேசினார்கள். பெண்கள் சேலை கட்டினார்கள். வெளியில் இருந்து பார்த்தால் மற்றக் குடியானவர்களுக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் தெரியாது.

ஆனால் ஒன்று. சனிக்கிழமை மட்டும் அவர்கள் செக்கைத் தொடமாட்டார்கள். சனிக்கிழமை, யூதர்களுக்கு ஓய்வு நாள். நூல்கள் போய்விட்டாலும் அந்த வழக்கத்தை அவர்கள் விடவில்லை. ஆகவே ஊரார் அவர்களுக்கு "சனிவார் தேலி" என்று பெயர் வைத்தார்கள். சனிக்கிழமை எண்ணெய்க்காரர்கள் என்று அர்த்தம்.

பம்பாய் பெரிய நகரமாக வளர்ந்ததும் அவர்களில் பலர் செக்கை விட்டு அங்கே குடியேறினார்கள். பட்டாளத்தில் சேர்ந்தார்கள். ஆபீசுகளில் குமாஸ்தா ஆனார்கள். ஆசிரியர்களாகவும் டாக்டர்களாகவும் உயர்ந்தார்கள். 1796-ல் பம்பாயில் முதல் யூதக் கோயிலைக் கட்டினார்கள். சுற்றி இருந்தவர்கள் அதையும் "மசூதி" என்றே சொன்னார்கள். அதற்காக யாரும் சண்டைக்குப் போகவில்லை.

படித்த வீடு

இந்தச் சமூகத்தில், 1924-ம் ஆண்டு டிசம்பர் 16-ந் தேதி பம்பாயில் நிசிம் பிறந்தார்.

தகப்பனார் பெயர் மோசஸ் எசேக்கியேல். வில்சன் கல்லூரியில் செடிகொடிகளைப் பற்றிய பாடம் நடத்தும் பேராசிரியர். தாயார் டயானா. அவர் ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். அதன் தலைமை ஆசிரியையும் அவர்தான்.

பெண்கள் வீட்டை விட்டு வெளியே வருவதே அபூர்வமாக இருந்த காலம் அது. அந்தக் காலத்தில் ஒரு தாய் சொந்தமாகப் பள்ளிக்கூடம் நடத்தினார் என்றால் அந்த வீடு எப்படிப்பட்ட வீடு என்பதை நீங்களே தெரிந்து கொள்ளலாம்.

பணத்துக்குப் பஞ்சம் இருந்தாலும் புத்தகத்துக்குப் பஞ்சம் இராத வீடுகள் உண்டு அல்லவா? அப்படி ஒரு வீட்டில் நிசிம் வளர்ந்தார்.

பள்ளிக்கூடத்தில் பட்ட பாடு

நிசிமை ஒரு ரோமன் கத்தோலிக்கப் பள்ளியில் சேர்த்தார்கள்.

வகுப்பில் கிறிஸ்தவப் பையன்கள் இருந்தார்கள். இந்துப் பையன்கள் இருந்தார்கள். முஸ்லிம் பையன்களும் இருந்தார்கள். யூதப் பையன் என்றால், விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தார்கள்.

நிசிம் ஒல்லியான பையன். பயந்த சுபாவம். மற்றப் பையன்கள் பட்டம் விடுவார்கள், பம்பரம் ஆடுவார்கள். இவருக்கு அவை எதுவும் கைவரவில்லை. எப்போதும் படிப்புத்தான்.

ஏசுநாதரைக் கொன்றவர்கள் யூதர்கள்தான் என்று சொல்லி, பையன்கள் நிசிமை ஏசினார்கள். 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வேறு ஒரு தேசத்தில் நடந்ததற்குப் பம்பாயில் இருந்த ஒரு சின்னப் பையன் ஏச்சு வாங்கினான்!

ஒரு முஸ்லிம் பையன் காதில் அறைந்தான். இந்துப் பையன்களைக் கண்டாலும் நிசிமுக்கு நடுக்கந்தான். அவர்கள் பேசும் பிழையான ஆங்கிலமும் மந்தமான சுபாவமும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு முறை அவரும் கத்தியை எடுத்தது உண்டு. 

இந்தக் கதையில் வேடிக்கையான ஒரு விஷயமும் இருக்கிறது. எந்த ஆண்டு அவரை அப்படி ஏசினார்களோ, அதே ஆண்டில் அந்தப் பள்ளியில் வேத பாடத்துக்கான பரிசை வாங்கியவர் நிசிம்தான்!

இவை எல்லாம் பிற்காலத்தில் அவரே தம் கவிதையில் சொன்ன செய்திகள். தன்னை அடித்தவர்கள் மீது பழி போட அவர் அவற்றை எழுதவில்லை. தன்னையும் சேர்த்துக் கேலி செய்தே எழுதினார்.

அங்கே நடந்தது என்ன?

நிசிமுக்கு 8 வயது ஆனபோது, 1933-ம் ஆண்டு ஜனவரியில், ஜெர்மனியில் இட்லர் பதவிக்கு வந்தான்.

நாட்டின் கஷ்டத்துக்கு எல்லாம் யூதர்களே காரணம் என்று அவன் பிரசாரம் செய்தான். 1935-ல் சட்டம் போட்டு யூதர்களின் குடியுரிமையைப் பறித்தான். 1938-ம் ஆண்டு நவம்பரில் ஒரே இரவில் ஜெர்மனி முழுவதும் யூதக் கோயில்களுக்குத் தீ வைத்தார்கள். யூதர்களின் கடைகளை உடைத்து நொறுக்கினார்கள்.

அதே நேரத்தில் பம்பாயில் நிலைமை எப்படி? 1937-ல் பம்பாய் நகரத்தின் மேயராக வந்தவர் டாக்டர் இ.மோசஸ். அவர் ஒரு பெனே இஸ்ரவேல் யூதர்! பம்பாயில் ஒரு பெரிய சாலைக்கு இன்றும் அவர் பெயர் இருக்கிறது.

ஒரே சமயத்தில், ஒரு நாட்டில் யூதர்கள் தெருவில் நடக்கவே பயந்தார்கள். இன்னொரு நாட்டில் ஒரு யூதர் நகரத்தின் முதல் குடிமகனாக நாற்காலியில் அமர்ந்தார்.

1939-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி இட்லரின் படை போலந்துக்குள் புகுந்தது. இரண்டாவது உலக யுத்தம் மூண்டது. நிசிமுக்கு அப்போது 14 வயது.

ஆம்ஸ்டர்டாமில் ஒரு சிறுமி

இந்த இடத்தில் இன்னொரு பிள்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

அவள் பெயர் ஆன் பிராங்க். ஜெர்மனியில் 1929-ல் பிறந்தவள். நிசிமை விட 4 வயது இளையவள். இட்லருக்குப் பயந்து அவள் குடும்பம் ஹாலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரத்துக்கு ஓடி வந்தது. ஆனால் 1940-ல் இட்லரின் படை அங்கேயும் வந்துவிட்டது.

யூதர்கள் சினிமாவுக்குப் போகக் கூடாது என்றார்கள். டிராமில் ஏறக் கூடாது என்றார்கள். சைக்கிளை ஒப்படைத்துவிட வேண்டும் என்றார்கள். யூதப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடம் என்றார்கள். 1942-ம் ஆண்டு மே மாதம் முதல், யூதர்கள் எல்லோரும் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக் கொள்ள வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள்.

அந்த ஆண்டு ஜூலையில் ஆன் குடும்பத்தார், தகப்பனாரின் கம்பெனிக்குப் பின்னால் இருந்த ரகசிய அறைகளில் ஒளிந்து கொண்டார்கள். மொத்தம் 8 பேர். இரண்டு ஆண்டுகள் அவர்கள் தெருவில் கால் வைக்கவில்லை. அந்த அறையில் இருந்து ஆன் நாட்குறிப்பு எழுதினாள்.

1944-ம் ஆண்டு ஆகஸ்டு 4-ந் தேதி போலீசார் வந்து பிடித்துக் கொண்டு போய்விட்டார்கள். 1945-ன் தொடக்கத்தில், பெர்கன்-பெல்சன் என்ற முகாமில், நோய் கண்டு ஆன் இறந்தாள். அவளுக்கு அப்போது 15 வயது. 8 பேரில் உயிரோடு திரும்பியவர் அவள் தகப்பனார் ஒருவரே.

அந்த யுத்தத்தில் இட்லரின் ஆட்கள் கொன்ற யூதர்கள் சுமார் 60 லட்சம் பேர்.

நிசிமும் யூதர். ஆனும் யூதப் பெண். இருவரும் பெரிய நகரத்தில் வளர்ந்தவர்கள். இருவருமே எழுத ஆசைப்பட்டவர்கள். ஒருவர் 79 வயது வரை வாழ்ந்தார். மற்றொருத்தி 16-வது பிறந்த நாளைப் பார்க்கவில்லை. பிறந்த ஊர்தான் வித்தியாசம்.

அகதிகள் வந்தார்கள்

ஐரோப்பாவில் இருந்து தப்பிய யூதர்களில் ஒரு சிறு கூட்டம் பம்பாய்க்கும் கப்பல் ஏறி வந்தது. டாக்டர்கள், இசைக் கலைஞர்கள், என்ஜினீயர்கள் என்று பலர் வந்தார்கள். பம்பாய் யூதர்கள் நிவாரணச் சங்கம் அமைத்து அவர்களுக்கு உதவினார்கள்.

யுத்தம் தொடங்கியதும் வெள்ளைக்கார சர்க்கார் ஒரு வினோதமான காரியம் செய்தது. ஜெர்மனியில் இருந்து வந்தவர்கள் எல்லோரும் பகை நாட்டார் என்று சொல்லி, இட்லருக்குப் பயந்து ஓடி வந்த யூதர்களையும் பிடித்து முகாமில் அடைத்தது! பிறகு விசாரித்துப் பலரை விடுவித்தது.

அகதியாக வந்தவர்களில் ஒருவர் வால்ட்டர் கவுப்மன். இசை மேதை. 1934-ல் பம்பாய் வந்து சேர்ந்தார். பிறகு அகில இந்திய ரேடியோவில் வேலை பார்த்தார்.

காலையில் ரேடியோவைத் திருப்பினால், நிகழ்ச்சி தொடங்கும் முன்பு தம்புராவும் வயலினும் சேர்ந்து ஓர் இசை வரும். நம் தாத்தா பாட்டிமார் எல்லோருக்கும் பழக்கமான இசை. அதை அமைத்தவர் கவுப்மன்தான் என்று சொல்லப்படுகிறது. உயிர் பிழைக்க ஓடி வந்த ஓர் அகதியின் இசையைக் கேட்டுத்தான் இந்தியாவில் பல கோடிப் பேர் கண் விழித்தார்கள்!

யுத்த காலத்துப் பம்பாய்

1942-ம் ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசம் ஆயிற்று. சென்னையில் குண்டு விழும் என்று பயந்து ஜனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் ஊர்களுக்கு ஓடியது அந்த ஆண்டில்தான்.

பம்பாயிலும் இருட்டடிப்பு நடந்தது. வெளிச்சம் வெளியே தெரியாமல் விளக்குகளை மூடினார்கள். 1943-ல் ரேஷன் வந்தது. அரிசிக்கும் கோதுமைக்கும் கார்டைக் கையில் பிடித்துக் கொண்டு ஜனங்கள் வரிசையில் நின்றார்கள்.

இந்தச் சமயத்தில் நிசிம், தகப்பனார் வேலை பார்த்த வில்சன் கல்லூரியிலேயே மாணவராக இருந்தார். சவுபாத்திக் கடற்கரைக்கு எதிரே உள்ள கல்லூரி அது.

1942-ம் ஆண்டு ஆகஸ்டு 8-ந் தேதி, பம்பாய் கோவாலியா டாங்க் மைதானத்தில் வெள்ளையனே வெளியேறு தீர்மானம் நிறைவேறியது. விடிவதற்குள் மகாத்மா காந்தியைக் கைது செய்தார்கள். நாடு கொந்தளித்தது. நம் பக்கத்தில் சூலூர் விமான நிலையத்துக்குத் தீ வைத்தது அந்த ஆகஸ்டு மாதத்தில்தான். வில்சன் கல்லூரியில் படித்து முடித்திருந்த உஷா மேத்தா என்ற இளம் பெண், பம்பாயில் ரகசிய ரேடியோ நடத்திச் சிறைக்குப் போனார்.

இந்திய வாலிபர்களுக்கு எதிரி ஒருவன்தான். அவன் வெள்ளைக்காரன்.

யூத வாலிபர்களுக்கோ சங்கடமான நிலைமை. வெள்ளைக்காரன் நாட்டை அடிமைப்படுத்தியவன். ஆனால் யூதர்களைக் கொன்று குவிக்கும் இட்லரோடு சண்டை போடுபவனும் அவன்தான். யார் பக்கம் நிற்பது?

நிசிம், எம்.என்.ராயின் கட்சியில் சேர்ந்தார். ராய் பழைய புரட்சிக்காரர். பல நாடுகளில் சுற்றியவர். வெள்ளைக்காரன் ஆட்சி எப்படியும் போய்விடும், ஆனால் இட்லர் ஜெயித்துவிட்டால் எந்த நாட்டுக்கும் சுதந்திரம் இராது, ஆகவே முதலில் இட்லரைத் தோற்கடிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. நாட்டில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. ராயைத் திட்டியவர்களே அதிகம்.

ஊரோடு ஒத்துப் போவது சுலபம். காந்தியின் பெயரில் ஊரே திரண்டிருக்கும்போது வேறு பக்கம் நிற்பது சுலபம் அல்ல. பள்ளியில் பயந்து ஒடுங்கிய பையன், கல்லூரியில் தனக்குச் சரி என்று பட்ட பக்கத்தில் நின்றார்.

பஞ்சும் வெடிமருந்தும்

பம்பாயில் எதிரி விமானம் குண்டு போடவில்லை. ஆனாலும் யுத்தம் ஒரு நாள் நகரத்துக்குள்ளேயே வந்துவிட்டது.

1944-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி. பம்பாய் விக்டோரியா துறையில் "போர்ட் ஸ்டிக்கின்" என்ற கப்பல் நின்றது. அதில் 1,000 டன்னுக்கு மேல் வெடிமருந்து இருந்தது. தங்கக் கட்டிகளும் இருந்தன. கராச்சியில் ஏற்றிய பஞ்சுப் பொதிகளும் ஆயிரக்கணக்கில் இருந்தன.

பஞ்சில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது இல்லை. வெளியே புகை மட்டும் தெரியும். உள்ளே கனன்று கொண்டே இருக்கும். தண்ணீர் ஊற்றினாலும் பொதியின் நடுவுக்குப் போகாது. அப்படிப்பட்ட பஞ்சையும் வெடிமருந்தையும் ஒரே கப்பலில் ஏற்றி இருந்தார்கள்!

மத்தியானம் பஞ்சில் புகை கிளம்பியது. தீயணைக்கும் படையினர் வந்து கப்பலுக்குள் தண்ணீர் அடித்தார்கள். தீ அடங்கவில்லை. மாலை 4 மணிக்குப் பிறகு கப்பல் வெடித்துச் சிதறியது. அரை மணி நேரத்துக்குள் இன்னொரு முறை வெடித்தது. பக்கத்தில் நின்ற கப்பல்கள் எல்லாம் நாசமாயின. எரியும் பஞ்சு வானத்தில் பறந்து போய்க் குடிசைகள் மீது விழுந்தது. துறைமுகத்தை ஒட்டிய தெருக்கள் பற்றி எரிந்தன. நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். ஆயிரக்கணக்கானோர் வீடு இழந்தார்கள்.

தீயணைப்புப் படையில் மட்டும் 66 பேர் இறந்தார்கள். ஓடிப் போயிருக்கலாம். அவர்கள் ஓடவில்லை. அவர்கள் நினைவாகத்தான் ஆண்டுதோறும் ஏப்ரல் 14-ந் தேதி இந்தியா முழுவதும் தீயணைப்போர் தினம் கொண்டாடப்படுகிறது.

அப்போது நிசிமுக்கு 19 வயது. இறந்தவர்களில் இந்து உண்டு, முஸ்லிம் உண்டு, கிறிஸ்தவர் உண்டு. பறந்து வந்த தீ யாரிடமும் மதம் கேட்கவில்லை.

டிக்கெட் வாங்கித் தந்த நண்பர்

1945-ல் யுத்தம் முடிந்தது. 1947-ல் நிசிம் எம்.ஏ. பட்டம் பெற்றார். அதே ஆண்டில் இந்தியா சுதந்திரம் பெற்றது. ஆன் பிராங்கின் நாட்குறிப்பு புத்தகமாக வெளிவந்ததும் அதே ஆண்டில்தான்.

லண்டனுக்குப் போய் மேலும் படிக்க வேண்டும் என்பது நிசிமின் ஆசை. கப்பல் டிக்கெட்டுக்குப் பணம் இல்லை.

பணம் கொடுத்தவர் ஒரு நண்பர். பெயர் இப்ராகிம் அல்காசி. பிற்காலத்தில் டில்லி தேசிய நாடகப் பள்ளிக்குத் தலைவராக இருந்து புகழ் பெற்றவர். அவர் ஒரு முஸ்லிம். அரபு நாட்டில் இருந்து வந்து புனாவில் குடியேறிய குடும்பத்தின் பிள்ளை.

ஆண்டைக் கவனியுங்கள். 1948. பாலஸ்தீனத்தில் யூதர்களும் அரபுகளும் ஒருவரை ஒருவர் சுட்டுக் கொண்டிருந்த ஆண்டு. அந்த ஆண்டில் பம்பாயில் ஓர் அரபுக் குடும்பத்துப் பிள்ளை, தன் யூத நண்பனுக்குக் கப்பல் டிக்கெட் வாங்கித் தந்தான்.

பள்ளியில் ஒரு முஸ்லிம் பையன் நிசிமை அறைந்தான் என்று மேலே சொன்னேன். இதையும் அதோடு சேர்த்து நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

லண்டனில் நிசிம், தரைக்குக் கீழே உள்ள ஓர் அறையில் தங்கினார். தத்துவம் படித்தார். வறுமையோடு போராடினார். கவிதை எழுதினார். 1952-ல் முதல் கவிதைப் புத்தகம் வெளிவந்தது.

அதே ஆண்டில் ஊர் திரும்பினார். திரும்பி வரவும் காசு இல்லை. இந்தோ-சீனாவுக்குத் துப்பாக்கியும் குண்டும் ஏற்றிச் சென்ற சரக்குக் கப்பலில் ஏறி, தளத்தைத் துடைத்துக் கழுவும் வேலை செய்து கொண்டே வந்தார். எம்.ஏ. படித்தவர், கையில் துடைப்பத்தோடு பம்பாய் வந்து இறங்கினார்!

போவதா, இருப்பதா?

அவர் திரும்பிய சமயத்தில் பம்பாய் யூதர்கள் புறப்பட்டுக் கொண்டிருந்தார்கள்.

1948-ல் இஸ்ரேல் நாடு உதயமானது. பெனே இஸ்ரவேல் குடும்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அங்கே போய்க் குடியேறின. யாரும் அவர்களை இந்தியாவில் இருந்து துரத்தவில்லை. தங்கள் முன்னோர்களின் தேசம் என்று எண்ணிப் போனார்கள். அங்கே சிலர், இவர்கள் உண்மையான யூதர்கள்தானா என்று சந்தேகம் கிளப்பினார்கள். கலியாணம் செய்து கொள்ளவும் தடை போட்டார்கள். பெரிய போராட்டத்துக்குப் பிறகு 1964-ல்தான் அந்தச் சிக்கல் தீர்ந்தது.

இந்தியாவில் யூதன் என்று ஏச்சு. அங்கே போனால் யூதன்தானா என்று கேள்வி. இப்படியும் ஒரு சோதனை!

நிசிம் போகவில்லை. பம்பாயே தன் ஊர் என்று இருந்துவிட்டார். பத்திரிகையில் வேலை பார்த்தார். விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்தார். 1961 முதல் மிதிபாய் கல்லூரியில் ஆங்கிலத் துறைத் தலைவராக இருந்தார். பிறகு பம்பாய் சர்வகலாசாலையில் பேராசிரியர் ஆனார்.

1964-ல் நைபால் என்ற எழுத்தாளர் இந்தியாவைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அழுக்கு, சோம்பல், வறுமை என்று ஒரே குறை. நிசிம் அதற்குப் பதில் எழுதினார். நைபால் சொன்ன குறைகளை எல்லாம் அவர் மறுக்கவில்லை. குறைகள் இருக்கட்டும், ஆனால் வெளியே நின்று முகம் சுளிப்பவரின் இந்தியா வேறு, உள்ளே இருந்து வாழ்பவனின் இந்தியா வேறு என்பது அவர் பதிலின் சாரம்.

அவர் ஆங்கிலத்தில் எழுதிய கவிஞர். ஆனால் பம்பாய்த் தெருவில் நம்மவர்கள் பேசும் ஆங்கிலத்தை அப்படியே கவிதையில் கொண்டு வந்தார். மராத்திக் கவிதைகளை மொழிபெயர்க்கவும் உதவினார். எழுத ஆசைப்பட்டு வந்த இளைஞர்களின் கவிதைகளை உட்கார்ந்து திருத்திக் கொடுத்தார். அவரிடம் பழகிக் கவிஞர் ஆனவர்கள் பலர்.

1983-ல் சாகித்திய அகாடமி பரிசு கிடைத்தது. 1988-ல் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது.

தேள் கொட்டிய இரவு

அவர் எழுதியவற்றில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதிகமாகத் தெரிந்தது, தேள் கொட்டிய இரவைப் பற்றிய கவிதை.

விடாமல் மழை பெய்த ஓர் இரவு. அரிசி மூட்டைக்கு அடியில் ஒதுங்கிய ஒரு தேள், ஒரு தாயைக் கொட்டிவிடுகிறது. அக்கம்பக்கத்துக் குடியானவர்கள் விளக்கோடு ஓடி வருகிறார்கள். சுற்றி உட்கார்ந்து சாமி பெயர் சொல்கிறார்கள். கணவனோ படித்தவன், எதையும் நம்பாதவன். அவன்கூட மருந்து, மூலிகை என்று கிடைத்ததை எல்லாம் செய்து பார்க்கிறான். ஒரு நாள் போல் துடித்த பிறகு வலி இறங்குகிறது. தாய் வாய் திறக்கிறாள். தன் வலியைப் பற்றி அவள் பேசவில்லை. பிள்ளைகளை விட்டுவிட்டுத் தன்னைக் கொட்டியதே என்று கடவுளுக்கு நன்றி சொல்கிறாள்.

அவ்வளவுதான் கவிதை. இந்தியாவிலும் வெளிநாட்டிலும் எத்தனையோ பள்ளிக்கூடங்களில் இதைப் பாடமாக வைத்தார்கள். அந்தத் தாய் யூதப் பெண்ணா, இந்துப் பெண்ணா என்று படிக்கும் பிள்ளைகள் கேட்பதில்லை. அவள் அம்மா. அது போதும்.

கடைசிக் காலத்தில் நிசிமுக்கு மறதி நோய் வந்தது. சொல்லை ஆண்டவருக்குச் சொற்கள் மறந்து போயின. 2004-ம் ஆண்டு ஜனவரி 9-ந் தேதி பம்பாயிலேயே காலமானார்.

1951-ம் ஆண்டுக் குடிக்கணக்கில் இந்தியாவில் 26 ஆயிரம் யூதர்களுக்கு மேல் இருந்தார்கள். இன்று சில ஆயிரம் பேரே இருக்கிறார்கள். மும்பை என்று பெயர் மாறிய அந்த நகரத்தில், பழைய யூதக் கோயில்கள் இன்னும் இருக்கின்றன.

அருள்புரத்தில் நாளைக் காலை மறுபடியும் பள்ளிக்கூட மணி அடிக்கும். வாயில் நுழையாத பெயருடன் ஒரு பிள்ளை வகுப்புக்குள் வரும். அந்தப் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பதா, பக்கத்தில் உட்கார இடம் கொடுப்பதா என்பது மற்றப் பிள்ளைகளின் கையில் இருக்கிறது.

அவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பது பெற்றோர்களான நம் கையில் இருக்கிறது.